முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம் என்கிறார் டாக்டர். அப்பாவோ, "சுத்தியல் சத்தமெல்லாம் காதில் விழும், என்னை முழுசா மயக்கிடுங்க" என்று பிடிவாதம் பிடிக்கிறார். தூக்க மருந்து மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. தூங்க வைப்பது வேறு, வலியை நிறுத்துவது வேறு. மிடசோலம் என்ற தூக்க மருந்து பயத்தைக் குறைக்கும், நடந்தது நினைவில் நிற்காமல் செய்யும், ஆனால் வலியைத் தடுக்காது. அதனால்தான் முதுகில் ஊசி. போட்ட சில நிமிடங்களில் கால் கனத்து மரத்துப்போகும், டாக்டர் குளிர்ந்த பஞ்சைத் தொடையில் வைத்து "சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் கத்தியே எடுப்பார்கள். இழுப்பது, அழுத்துவது தெரியலாம், வலி தெரியக் கூடாது, தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் பயம் நியாயமானதுதான், அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்கும். ஆனால் அதற்காக முழு மயக்கத்துக்குப் போக வேண்டியதில்லை, முதுகு ஊசியோடு லேசான தூக்க மருந்தும் கேளுங்கள். இந்த வயதில் மிடசோலம் அதிகமானால் விழித்த பிறகு குழப்பம் வரலாம், ஆகவே சில டாக்டர்கள் புரொபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு தூக்க மருந்துகள் பக்கம் போவார்கள். இரண்டாவது மருந்து மூச்சை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் இதயத் துடிப்பை மெதுவாக்கும் என்பதால் மானிட்டரில் கண் வைத்திருப்பார்கள். முழு மயக்கம் ஒன்றும் ஆபத்தானது இல்லை, சிலருக்கு அதுதான் சரி. தொண்டை வலி, குமட்டல் கொஞ்சம் இருக்கும். முதுகு ஊசியில் ரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் கழிக்கச் சிரமம் வரலாம். ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பது மட்டும் வெறும் பேச்சு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, அப்புறம் வரும் ராத்திரி. சில மணி நேரத்தில் மரப்பு விட்டுவிடும், மூட்டு மாற்றில் வலி அப்போதுதான் ஆரம்பம். "நரம்பு பிளாக் போடுவீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேன் பார்த்து, நரம்பு மரத்துப்போகத் தொடையில் போடும் அந்த ஊசி பல மணி நேரம் தாங்கும். கூடவே பாராசிட்டமால், வலிக்கும்போது மட்டும் இல்லாமல் நேரத்துக்கு நேரம் கொடுத்தால், மார்ஃபின் வகை மருந்து குறைவாகவே தேவைப்படும். மலச்சிக்கலும் குமட்டலும் அந்த அளவுக்குக் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மற்ற வலி மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் தரவே தராதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க அப்பா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, குறட்டையின் நடுவே மூச்சு நிற்கிறதா? இரண்டையும் மயக்க மருந்து டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.