சஞ்சிகைப் பேப்பர் ஏன் இப்பிடி மெலிஞ்சு போச்சு?

இந்தமுறை வந்த கேள்வியள் முக்காவாசியும் ஒரே விசயத்தைப் பற்றினதுதான். படம் பிடிக்கிறது, தையல், கிறிக்கெட், தோட்டம் எண்டு ஆசைக்கு வாங்குற சஞ்சிகையளின்ர பேப்பர். அதால மற்றக் கேள்வியளை அடுத்தமுறைக்குத் தள்ளிப்போட்டு இதையே ஒண்டாப் பாப்பம்.

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளி. ஒரு போட்டோகிராபி சஞ்சிகை 2016 இலயிருந்து எடுக்கிறன், சென்னையில இருக்கிற சொந்தக்காரர் சேர்த்து வைச்சு அனுப்புவினம். முந்தி பக்கத்தைத் திருப்பேக்க கையில ஒரு பாரம் தெரியும். இப்ப கொக்கின்ர செட்டைக்குப் பின்னால மற்றப் பக்கத்து விளம்பர எழுத்துத் தெரியுது. விலையும் கூடிட்டுது. ஈமெயில் போட்டுக் கேட்டன், அதே பேப்பர்தான் எண்டு பதில் வந்தது. என்ர கண்ணிலதான் பிழையோ?

பதில்: கண்ணில பிழை இல்லத் தம்பி. ஆனா 'மெல்லிசாப் போச்சு' எண்டு மட்டும் எழுதினா ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம், நம்பரோட கேட்டாத்தான் மறுமொழி ஒழுங்கா வரும், அதுக்கு பேப்பரை நிறுக்கவேணும். பிறெஸ்காரர் பேப்பரை ஜிஎஸ்எம் கணக்கிலதான் சொல்லுவினம், ஒரு சதுர மீற்றர் பேப்பர் எத்தினை கிராம் எண்டதுதான் அது. போட்டோகொப்பிக் கடையில இருக்கிற ஏ4 தாள் வழமையா 80 ஜிஎஸ்எம். 16 ஏ4 தாளைப் பக்கத்தில பக்கத்தில விரிச்சா ஒரு சதுர மீற்றர் வரும், அப்ப ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. இதை மனசில வைச்சுக்கொண்டு சஞ்சிகைக்கு வாங்கோ.

உதாரணத்துக்கு உங்கட சஞ்சிகை 20 சென்ரிமீற்றர் அகலம், 27 சென்ரிமீற்றர் உயரம் எண்டு வைப்பம். ஒரு தாள் 540 சதுர சென்ரிமீற்றர், அதாவது 0.054 சதுர மீற்றர். அட்டையை விட்டு உள்ளுக்கு 96 பக்கம் எண்டா 48 தாள், மொத்தம் 2.592 சதுர மீற்றர். அட்டையைக் கழட்டிப்போட்டு உள்ப்பக்கத்தை மட்டும் தராசில வையுங்கோ, 233 கிராம் காட்டினா 90 ஜிஎஸ்எம், 156 கிராம் காட்டினா 60 ஜிஎஸ்எம். கிராமை சதுர மீற்றரால பிரிக்கிறதுதான், வேற ஒண்டும் இல்ல. பழைய இதழைப் பிய்க்க மனமில்லாட்டி (எனக்கும் மனம் வராது) அளவும் பக்க எண்ணிக்கையும் ஒண்டா இருக்கிற ஒரு பழசையும் ஒரு புதுசையும் முழுசாவே நிறுத்துப் பாருங்கோ, வித்தியாசம் அப்பிடியே தெரியும். கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு எதுவும் காணும், தெரிஞ்ச பலசரக்குக் கடையில கேட்டா வைச்சுக் காட்டுவினம்.

விரலால தடவிப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, அதில நிறையப்பேர் ஏமாறுறவை. ஆர்ட் பேப்பர் எண்ட மினுங்கல் பேப்பருக்கு மேல வெள்ளைக் களிமண்ணும் கல்சியம் காபனேற்றும் பூசி உருளைக்குள்ள விட்டு அமத்தி எடுக்கிறவை, அதால அது பாரம் கூட, ஆனா தடிப்பு இல்ல. பூச்சுப் பூசாத 70 ஜிஎஸ்எம் பேப்பர் பொசுபொசு எண்டு காத்தோட இருக்கும், கைக்கு 90 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரை விடத் தடிப்பாப் படும். மினுக்கத்தையும் நம்பேலாது. பூச்சே இல்லாம உருளையில அழுத்தித் தேய்ச்சு மினுக்கி எடுக்கிற பேப்பரும் இருக்கு, மலிவான வாரச் சஞ்சிகையள் பலதுக்கும் அதுதான். பாக்க வழுவழுப்பு, படத்தில கறுப்பு மட்டும் சாம்பல் மாதிரி நிக்கும், பறவையின்ர கண்ணுக்குள்ள இருக்கிற பொட்டு வெளிச்சம் செத்துப்போகும். பூச்சு இருக்கோ எண்டு பாக்க ஆசையா இருந்தா, தேவையில்லாத விளம்பரப் பக்கத்தில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு விரலால தேயுங்கோ, பூச்சு இருந்தா விரலில சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒட்டும்.

பின்பக்க எழுத்துத் தெரியிறது பேப்பர் மெலிஞ்சதால மட்டும் எண்டும் சொல்லேலாது, அதே பாரத்திலயும் மலிவான பேப்பரை மாத்திப் போட்டிருக்கலாம். அதைப் பிடிக்கிறதுக்கு வழி லேசு, ஒரு வெள்ளைத் தாளில மார்க்கரால தடிச்ச கறுப்புக் கோடு போட்டு, பழைய இதழில படம் குறைஞ்ச ஒரு பக்கத்துக்குக் கீழயும் புது இதழில அதே மாதிரிப் பக்கத்துக்குக் கீழயும் வைச்சுப் பாருங்கோ. ரெண்டையும் ஒரே வெளிச்சத்தில போனில படமெடுத்து, நிறுத்த கணக்கையும் சேர்த்து ஈமெயில் போடுங்கோ. அதே பேப்பர்தான் எண்டு திருப்பியும் சொல்லுறது அவைக்குக் கஸ்டமாயிருக்கும்.

ஏன் இப்பிடி எண்டு கேட்டா, எல்லாத்தையும் வெளியீட்டாளரின்ர தலையில போடேலாது. சஞ்சிகை வாங்குறவை குறைய, விளம்பரக்காரர் போனுக்குள்ள போயிட்டினம், அச்சடிக்கிற பிரதி குறையக் குறைய ஒரு பிரதிக்குப் போற செலவு ஏறும். வெளிநாட்டு மில்லுகள் கொஞ்சம் மூடிட்டுது, கொஞ்சம் சாமான் அனுப்புற கார்ட்போர்ட் செய்யப் போயிட்டுது, ஒன்லைன் வியாபாரத்துக்குப் பெட்டி தேவைதானே. 2022 தை மாசம் தொடங்கி சித்திரை வரைக்கும் பின்லாந்தில பெரிய மில்லுகளில வேலைநிறுத்தம், அதுக்குள்ள உக்ரைன் சண்டை தொடங்கி கரண்ட், காஸ் விலையும் ஏறிச்சுது. எங்கட இலங்கையில அந்த வருசம் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 200 ரூவா நிண்ட டொலர் ரெண்டு மாசத்தில 360 ஐத் தாண்டிப் போச்சு, பங்குனியில மேல் மாகாணத்தில பேப்பர் இல்லாம பள்ளிக்கூடச் சோதினையையே தள்ளி வைச்சவை. வாழைச்சேனையில வைக்கோல் போட்டுப் பேப்பர் செய்த ஆலை எங்கட கிழக்கிலதான் இருந்தது, எண்டாலும் ஆர்ட் பேப்பருக்கு நாங்க வெளியைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

இது எல்லாம் விளங்குது. விலை கூட்டினதும் விளங்குது. ஆனா 'இந்த இதழிலயிருந்து 90 போய் 65 ஜிஎஸ்எம், எங்களால ஏலேல்ல' எண்டு முதல் பக்கத்தில ரெண்டு வரி போட என்ன குறைஞ்சு போகும்? பத்து வருசமா காசு கட்டி வாங்குற ஆளுக்கு அந்த ரெண்டு வரியைச் சொல்லாம விட்டதுதான் எனக்கு மனசு கொதிக்குது. எனக்கும் இது நடந்தது. நான் எடுத்த ஒரு மீன்பிடிச் சஞ்சிகையில தூண்டில் முடிச்சுப் படங்கள் நடுப்பக்கத்தில வடிவா வரும், ஒருநாள் அந்தப் பக்கம் பத்திரிகைப் பேப்பரில வந்துது, நூல் எதுக்கு மேலால போகுது எதுக்குக் கீழால போகுது எண்டே தெரியேல்ல, ஒரு அறிவிப்பும் இல்ல. அதோட நான் நிப்பாட்டிட்டன்.

உங்களுக்கு என்ர அபிப்பிராயம், படத்துக்காகத்தான் வாங்குறீங்க எண்டா வருசச் சந்தாவைப் புதுப்பிக்க முதல் ஒரு இதழைத் தனிய எடுத்து நிறுத்துப் பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ.

கேள்வி: அண்ணா, நான் திருக்கடலூர், வீட்டில தையல் செய்யிறன். தையல் சஞ்சிகைக்குள்ள மடிச்சு வாற பற்றன் தாள் (துணி வெட்டுற அளவு வரைஞ்ச தாள்) இப்ப ரிசுப் பேப்பர் மாதிரி வருது, ஒருக்கா விரிச்சா மடிப்பில கிழியுது. ரெண்டாம் தரம் பாவிக்க வழி இருக்கோ?

பதில்: இருக்கு தங்கச்சி. வந்த கையோட, கிழிய முதல், பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடுற பிறவுண் பேப்பரில ஏத்தி வைச்சிடுங்கோ. பிறவுண் பேப்பரைக் கீழ விரிச்சு, நடுவில கார்பன் பேப்பர், மேல பற்றன் தாள், பல்லு வைச்ச சின்னச் சில்லால கோட்டில உருட்டினாக் காணும். அளவு, தையலுக்கு விடுற இடம், துணியின்ர நூல் ஓடுற பக்கம் எல்லாத்தையும் அப்பவே எழுதிப் போடுங்கோ, பிறகு எழுதுவம் எண்டு விட்டா எது கை எது கழுத்து எண்டு தெரியாமப் போகும். மடிக்காம உருட்டி வைச்சா வருசக்கணக்கில கிடக்கும். மடிப்புக் கிழிஞ்சிட்டா செலோ ரேப் ஒட்டாதேங்கோ, அந்தப் பசை எங்கட வெக்கைக்கு இளகி மஞ்சளாப் போய் மற்றத் தாளோடயும் ஒட்டும். மெல்லிய தாளும் மைதா மாப் பசையும் நல்லம்.

கேள்வி: நானா, நான் கிண்ணியா. கிறிக்கெட் புக்குக்கு நடுவுல வார போஸ்டர் சுவர்ல ஒட்டி ரெண்டு மாசத்துல வெளிறிப் போகுது. முந்தி எங்கட வாப்பா ஒட்டின போஸ்டர் இன்னும் அப்பிடியே இருக்கு. பேப்பரா மையா பிழை?

பதில்: ரெண்டும்தான் தம்பி, எண்டாலும் கூடப் பிழை யன்னலிலதான். அச்சு மையில சிவப்பும் மஞ்சளும் வெயிலுக்கு முதல்ல போகும், நீலமும் கறுப்பும் நிக்கும், அதாலதான் பழைய போஸ்டர் எல்லாம் நீலம் பாரிச்சுத் தெரியிறது. வாப்பாட போஸ்டர் வெயில் படாத சுவரில இருந்திருக்கும் எண்டு நினைக்கிறன், கேட்டுப் பாருங்க. வெயில் விழாத சுவருக்கு மாத்துங்க. பசை பூசாம நாலு மூலையிலயும் பின் குத்துங்க, மாரியில சுவர் ஊறினா பசையோட சேர்த்து பேப்பரும் உரிஞ்சு வரும்.

கேள்வி: பாலையூற்றிலயிருந்து எழுதுறன். ஒரு தோட்டச் சஞ்சிகைக்கு வருசக் காசு கட்டினன், விளம்பரத்தில முழுக்கக் கலர், ஆர்ட் பேப்பர் எண்டு போட்டிருந்தது. மூண்டாவது இதழோட பாதிப் பக்கம் கறுப்பு வெள்ளை, அதுவும் பத்திரிகைப் பேப்பர். காசைத் திருப்பிக் கேக்கலாமோ?

பதில்: தாராளமாக் கேக்கலாம் அக்கா. பேப்பர் மெலிஞ்சது தன்னில ஒரு குத்தம் இல்ல, ஆனா ஒண்டைச் சொல்லி வித்திட்டு வேறொண்டைத் தாறது 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்குள்ள வரும். அந்த விளம்பரத்தை வைச்சிருக்கிறீங்களோ? இல்லாட்டி இண்டைக்கே தேடி எடுங்கோ, எல்லாம் அதிலதான் நிக்குது. காசு கட்டின பற்றுச்சீட்டு, முதல் இதழ், மூண்டாவது இதழ், இதுகளையும் சேர்த்து வையுங்கோ. முதல்ல சஞ்சிகைக்காரருக்கே எழுத்தில போடுங்கோ, மிச்ச மாசக் காசைத் தாங்கோ அல்லது சொன்ன பேப்பரில தாங்கோ எண்டு, இத்தினையாம் திகதிக்குள்ள எண்டும் போடுங்கோ. பதில் இல்லாட்டி அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு, சாமான் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள போகவேணும், அதால அவை இண்டைக்கு நாளைக்கு எண்டு இழுக்க விடாதேங்கோ. ஆரிட்ட எப்பிடிக் குடுக்கிறது எண்டு கேக்க அதிகார சபையின்ர 1977 எண்ட நம்பருக்குப் போன் அடிக்கலாம்.

கேள்வி: தம்பி, நான் உவர்மலை, பென்சன்காரன். ரேடியோ, இலெக்ட்ரோனிக்ஸ் சஞ்சிகையள் 1970களில இருந்து சேர்த்து வைச்சிருக்கிறன். சிலது முறுகி உடையுது, சிலது புதுசு மாதிரி. போன மாரிக்கு மேல் தட்டு ஒழுகி பத்துப் பதினைஞ்சு நனைஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிப்போச்சு. மிச்சத்தையாவது காப்பாத்த வேணும்.

பதில்: ஐயா, வாசிக்கவே கவலையாக் கிடக்கு. உடையிறது மரத்தை அப்பிடியே அரைச்சுச் செய்த பேப்பர். மரத்தில லிக்னின் எண்டு ஒண்டு இருக்கு, அதைக் கழுவி எடுக்காம விட்டா வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும், அதோட அந்தக் காலத்தில மை ஊறாம இருக்க படிகாரம் சேர்த்தவை, அதின்ர அமிலம் உள்ளுக்கயே பேப்பரைத் திண்டுகொண்டு இருக்கும். புதுசு மாதிரி இருக்கிறது லிக்னின் எடுத்த பேப்பர். ஒண்டோடொண்டு சேர்த்து அடுக்காதேங்கோ, அமிலம் மற்றதுக்கும் போகும்.

ஒட்டிப்போனதைக் கத்தியால பிரிக்கப் போகாதேங்கோ. மினுங்கல் பேப்பரின்ர பூச்சு நனைஞ்சா பசை மாதிரி, காஞ்சிட்டுது எண்டா ஒண்டும் செய்யேலாது, பூச்சோட படம் உரிஞ்சு வரும். இனி எப்பவாவது நனைஞ்சா காய விடாம உடனயே பொலித்தீனில சுத்தி டீப் பிறீசருக்குள்ள வையுங்கோ, அது பக்கம் ஒட்டாமப் பிடிச்சு வைக்கும். பிறகு ஒவ்வொண்டா எடுத்து, ஈரம் இருக்கேக்கயே பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் வைச்சு, பேன் காத்தில காயவிடுங்கோ, தாள் ஊற ஊற மாத்துங்கோ. வெயில் வேண்டாம்.

மிச்சத்தை நிலத்திலயிருந்து ஒரு முழம் உயரத்தில, சுவரில முட்டாம, உள்ச் சுவர்ப் பக்கமா வையுங்கோ. பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டினா உள்ளுக்க இருக்கிற ஈரம் போக வழியில்லாமப் பூஞ்சணம் பிடிக்கும், கார்ட்போர்ட் பெட்டியில காத்துப் போக விட்டு வையுங்கோ. மாரி முடிஞ்சு மாசி வெயில் வந்த உடன யன்னலைத் திறந்து எல்லாத்தையும் ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோ, கறையான், புத்தகப் பூச்சி எல்லாம் அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும். இன்னுமொண்டு ஐயா, திருகோணமலைக் கடல் காத்துக்கு, சஞ்சிகையின்ர நடுவில குத்தியிருக்கிற கம்பிப் பின்னுகள் துருப்பிடிச்சுப் பேப்பரையும் அரிச்சுக்கொண்டு போகும். ஒரு மத்தியானம் இருந்து பின்னுகளை மெதுவா நிமித்தி எடுத்திட்டு, அதே ஓட்டைக்குள்ளால பருத்தி நூலைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டு விடுங்கோ.