பரேடுக்கு வராத பிள்ளைகள்

கேள்வி: ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவன். வெலிங்டன் பக்கம் வீடு கட்டிக் குடியேறிவிட்டேன். போன வருடம் இங்குள்ள ஒரு கல்லூரியின் நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தினமும் காலை ஏழரைக்கு மைதானத்தில் பரேடு என்று உத்தரவு போட்டேன். பாதிப் பேர் வருவதில்லை. கேட்டால் மஞ்சூர் பஸ், கோத்தகிரி பஸ் என்று சாக்கு. "இது பாரக்ஸ் இல்லை சார்" என்று பேராசிரியர் ஒருவரே முகத்துக்கு நேராகச் சொல்கிறார். விலகிவிடலாமா?
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: விலக வேண்டாம் ஐயா. பரேடை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜோஷுவா சேம்பர்லின்தான் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் போடின் கல்லூரியில் மொழிப் பேராசிரியர். 1862-ல், ஐரோப்பா போய்ப் படிக்கிறேன் என்று விடுப்பு வாங்கியவர், நேராக உள்நாட்டுப் போரில் போய்ச் சேர்ந்துவிட்டார். (நம் பிள்ளைகள் வயிற்றுவலி என்று லீவு லெட்டர் எழுதுவது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.) மறு வருடம் கெட்டிஸ்பர்க்கில் ஒரு குன்றின் ஓரத்தைக் காக்கும் வேலை அவர் படைக்கு. தோட்டா தீரும் நிலை வந்ததும், துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கித் தாக்கச் சொன்னார். அதற்காக நாட்டின் உயரிய வீர விருது கிடைத்தது, 30 வருடம் கழித்து! 1864-ல் இடுப்பில் குண்டு பாய்ந்தபோது, விழுந்துவிடாமல் இருக்க வாளை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றாராம். இறந்துவிட்டார் என்று பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள். மனிதர் 1914 வரை இருந்தார்.

இப்படிப்பட்டவர்தான் 1871-ல் அதே கல்லூரிக்குத் தலைவராக வந்தார். அறிவியல் படிப்புகளைக் கொண்டுவந்தார், அது நல்ல காரியம். கூடவே மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சியையும் கட்டாயமாக்கினார். சீருடையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், மனு கொடுத்தார்கள். நடக்கவில்லை. 1874-ல் பரேடுக்கு வர மாட்டோம் என்று மூன்று வகுப்பும் சேர்ந்து நின்றுவிட்டது. சேம்பர்லின் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். கீழ்ப்படிந்து திரும்பாவிட்டால் நீக்கம் என்று பெற்றோருக்குக் கடிதம் போனது. மூன்று பேர் தவிர எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஜெயித்துவிட்டார்தானே? ஆனால் அப்புறம் அந்தக் கட்டாயம் தளர்ந்தது, அவர் பதவியில் இருக்கும்போதே பயிற்சியும் நின்றுபோனது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. 1865-ல் எதிரிப்படை சரணடைந்து ஆயுதங்களை வைக்க வந்தபோது, தோற்றவர்களுக்குத் தன் வீரர்களை மரியாதை செலுத்த வைத்தவர் இதே மனிதர். எதிரியின் மனம் புரிந்தவருக்குப் பதினெட்டு வயதுப் பையன் மனம் ஏன் புரியவில்லை? உங்கள் ஜவான் தானாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர். இந்தப் பிள்ளைகள் பி.காம். படிக்க வந்திருக்கிறார்கள். நானும் என்.சி.சி.யில் இருந்தவள்தான். பரேடுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய், முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்குக்காகப் போனேன். சேர விரும்புகிறவர்களுக்கு உங்கள் கல்லூரியிலும் அப்படி ஒன்று இருக்கட்டுமே.

அந்தப் பேராசிரியர் மேல் கோபப்படாதீர்கள். முதுகுக்குப் பின்னால் பேசாமல் நேரில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. பஸ்ஸைச் சாக்கு என்கிறீர்கள். ஆடி மாதக் காற்றில், மூன்றடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனியில், நனைந்த ஸ்வெட்டரோடு படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளையை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் ஒருநாள், காரை வீட்டில் விட்டுவிட்டு, மஞ்சூர் போய் முதல் பஸ்ஸில் அவர்களோடு ஏறி வாருங்கள். கல்லூரி வாசலில் இறங்கும்போது மணி என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.