சிம்ஸ் விளையாட லட்ச ரூபாய் லேப்டாப் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.42,000. பெற்றோருடன் இருக்கிறேன். வீட்டுக்கு ரூ.18,000 கொடுக்கிறேன். என் சொந்தச் செலவு ரூ.7,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாத முதலீடு) ரூ.5,000, நகைச் சீட்டு ரூ.5,000. சேமிப்புக் கணக்கில் ரூ.60,000, வங்கி டெபாசிட்டில் ரூ.1.5 லட்சம் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

கல்லூரிக் காலத்திலிருந்து ‘தி சிம்ஸ் 4’ விளையாடி வருகிறேன். மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்களை வாழவைக்கும் கணினி விளையாட்டு அது. அப்போது வாங்கிய 4 ஜிபி லேப்டாப்பில் இப்போது ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கே ஐந்து நிமிடம் பச்சைப் படிகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடையில் மூன்று லேப்டாப் காட்டினார்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் உள்ளது ரூ.1,14,990. ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ரூ.72,000. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ரைசன் 5 செயலி, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) ரூ.48,990. “கேம் விளையாட என்றால் முதலாவதுதான்” என்கிறார் கடைக்காரர். நோ காஸ்ட் இஎம்ஐ உண்டாம். எனக்கு நடுவில் உள்ளது சரி என்று படுகிறது. பின்னால் இதே வகையிலான ‘இன்சோய்’ விளையாடவும் ஆசை. “பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?” என்று அண்ணன் கேட்கிறார். எதை வாங்கலாம்? டெபாசிட்டை உடைக்கவா, தவணையில் வாங்கவா?

- வாசகி, திருப்பூர்

பதில்: அண்ணனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொடுப்பதும் உங்கள் கைச்செலவும் சேர்ந்து மாதம் ரூ.25,000. டெபாசிட்டில் இருப்பது ஆறு மாதச் செலவுக்குச் சமம். கடன் இல்லை, எஸ்ஐபி ஓடுகிறது, சீட்டும் கட்டுகிறீர்கள். இந்த நிலையில் இருக்கும் ஒருவர் தன் பொழுதுபோக்குக்குச் செலவு செய்வதை நான் தடுக்க மாட்டேன். இதே தொகைக்கு ஒரு பைக் வாங்குவதாக அண்ணன் சொல்லியிருந்தால் வீட்டில் யாரும் “பொம்மையா?” என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆக, செலவு செய்யலாமா என்பதில் சிக்கல் இல்லை. எவ்வளவு, எதற்கு என்பதில்தான் சிக்கல்.

நீங்கள் விளையாடும் விளையாட்டு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்போம். சிம்ஸ் 4 வெளிவந்தது 2014-ல். தாராளமாக ஓடுவதற்கு அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே பரிந்துரைப்பது 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 650 அல்லது அதைவிட மேலான கிராபிக்ஸ் கார்டும். ஜிடிஎக்ஸ் 650 என்பது 2012-ல் வந்த கார்டு. இன்று ஓரளவு நல்ல ரைசன் 5 அல்லது கோர் ஐ5 செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், இந்த விளையாட்டை நடுத்தர அமைப்புகளில் தடங்கல் இல்லாமல் ஓட்டிவிடும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் திரை நொடிக்கு 144 முறை மாறினால் வெற்றி தோல்வியே மாறலாம். சிம்ஸில் உங்கள் ஆள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து நிற்பதை நொடிக்கு 144 முறை பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படியானால் உங்கள் பழைய லேப்டாப் ஏன் திணறுகிறது? கிராபிக்ஸைவிட ரேமும் ஹார்டு டிஸ்கும்தான் பெரும்பாலும் காரணம். இந்த விளையாட்டு ஒவ்வொரு வீட்டையும் அதன் பொருட்களோடு டிஸ்கிலிருந்து எடுத்துவந்து ரேமில் அடுக்க வேண்டும். பேக்குகள் (தனியாக வாங்கி விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) கூடக் கூட, வெளியிலிருந்து இறக்கிப் போடும் மோட்களும் ஆடைகளும் கூடக் கூட, அடுக்க வேண்டியதும் கூடுகிறது. 4 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்தது போக மிச்சம் அதிகம் இருக்காது. ஒரே தெருவில் பத்துப் பேரை நடமாட விட்டு வேகத்தை மூன்றாம் படிக்கு ஏற்றினால் உழைப்பது செயலிதான், கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். இது தெரியாமல் கார்டுக்குப் பணம் கொட்டுபவர்கள் நிறையப் பேர்.

இன்சோய் வேறு ரகம். பப்ஜியைத் தந்த தென்கொரிய நிறுவனமான க்ராஃப்டான் 2025 மார்ச் 28 அன்று அதை முன்னோட்ட விற்பனைக்கு விட்டது. குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 கார்டும் 12 ஜிபி ரேமும். பரிந்துரைப்பது ஆர்டிஎக்ஸ் 3070-ம் 16 ஜிபியும். இவை மேசைக் கணினிக்கான கார்டுகள் என்பதைக் கவனியுங்கள். லேப்டாப்பில் அதே எண் கொண்ட கார்டு அதே வேகம் தராது. சூடாகிவிடும் என்பதற்காக மின்சாரத்தைக் குறைத்தே கொடுப்பார்கள். ஒரே பெயர் கொண்ட கார்டுக்கு ஒரு மாடலில் கிடைப்பதில் பாதி வாட்தான் இன்னொரு மாடலில் கிடைக்கும்.

இப்போது உங்கள் மூன்று லேப்டாப்புகளைத் திரும்பப் பாருங்கள். ரூ.48,990 லேப்டாப் சிம்ஸ் 4-க்குப் போதும், இன்சோய்க்கு ஆகாது. ரூ.1,14,990 லேப்டாப் சிம்ஸ் 4-க்கு மிக அதிகம், இன்சோய்க்குச் சமாளிக்கும். நீங்கள் சரி என்று நினைக்கும் நடு லேப்டாப்? அதன் ஆர்டிஎக்ஸ் 3050, இன்சோய் கேட்கும் குறைந்தபட்சத்துக்கும் கீழே நிற்கிறது. சிம்ஸ் 4-க்கு அந்தக் கார்டு தேவையும் இல்லை. மூன்று விலைகளை வரிசையாக வைத்தால் நம் கை நடுவில் உள்ளதைத் தேடிப் போகும் என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கணக்கில் அந்த நடு விலை எந்த விளையாட்டுக்கும் பொருந்தாத விலை.

என் ஆலோசனை மூன்றாவது லேப்டாப், கூடவே இன்னொரு 8 ஜிபி ரேம். மொத்தம் 16 ஜிபி. ரேம் விலை அண்மைக்காலத்தில் ஏறிக் கிடப்பதால் அதற்கு ரூ.6,000 ஒதுக்குங்கள். ஆக மொத்தம் ரூ.55,000.

அந்த இரண்டாவது ரேம் ஆடம்பரம் அல்ல. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால் பாதை ஒன்று, இரண்டு இருந்தால் பாதை இரண்டு. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸுக்கு ஒற்றை ரேம் போட்டால் அது திறன் குறைந்த வெறும் ‘யுஎச்டி’ என்றே தன்னைக் காட்டிக்கொள்ளும், அந்த அளவுக்கு வித்தியாசம். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதில் இரண்டாவது ரேம் ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே ஒட்டியதா?” என்பதுதான். ஒட்டியது என்றால், அதே மாடலில் 16 ஜிபி உள்ளதைக் கேளுங்கள். இல்லையென்றால் வேறு மாடலுக்குப் போய்விடுங்கள்.

கடையில் இன்னொன்றும் பாருங்கள், அது திரை. நீங்கள் வீடு கட்டி, சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்து மணிக்கணக்கில் விளையாடுபவர். விவரத் தாளில் ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் அது வெளிறிய திரை, நீங்கள் பூசிய மயில் நீலம் சாம்பல் நீலமாகத் தெரியும். ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று இருந்தால் நல்லது. இந்த ஒன்றுக்காக இரண்டாயிரம், மூவாயிரம் கூடக் கொடுத்தாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். பில் போடும்போது தள்ளிவிடும் ஆன்டிவைரஸ் வேண்டாம், விண்டோஸோடு வருவதே போதும்.

பணத்துக்கு வருவோம். உங்கள் வரவு செலவில் மாதம் மிஞ்சுவது ரூ.7,000. முதல் லேப்டாப்பை 12 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் ரூ.9,583. ரூ.2,583 துண்டு விழுகிறது. அதை எங்கிருந்து எடுப்பீர்கள்? வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்க மாட்டீர்கள், நகைச் சீட்டை நிறுத்தினால் நகைக்கடை சலுகை போய்விடும். எஸ்ஐபிதான் நிற்கும். ஒரு தரம் நிறுத்திய எஸ்ஐபியை மறுபடி தொடங்குபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று சொல்லி, அந்த வட்டியைக் கட்டணமாக வாடிக்கையாளர் தலையில் கட்டும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே ஏற்க மறுத்துவிட்டது. அதனால் இப்போது வங்கி வட்டி போடுகிறது, அந்த வட்டிக்கு ஈடாக விற்பவர் விலையில் தள்ளுபடி தருகிறார். நடு லேப்டாப்பையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ரூ.6,000 வீதம் 12 மாதம், ஆண்டு வட்டி 16% என்றால் கடன் தொகை சுமார் ரூ.66,130, வட்டி சுமார் ரூ.5,870. தள்ளுபடியாக வருவது வட்டி மட்டுமே. அந்த வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டி ரூ.1,057 உங்கள் பொறுப்பு. செயலாக்கக் கட்டணம் ரூ.199, அதற்கும் ஜிஎஸ்டி. ஏறக்குறைய ரூ.1,300 கூடுதல். தவிர, ரொக்கமாகக் கொடுத்தால் பேசிக் குறைக்கக்கூடிய தொகையும் போயிற்று. ஒரு தவணை தவறினால் கிரெடிட் கார்டு வட்டி மாதம் 3 முதல் 3.75% வரை, ஆண்டுக்கு 36%-க்கு மேல்.

டெபாசிட்டைத் தொடாதீர்கள். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள் என்பது சின்ன விஷயம். பின்னலாடைத் தொழிலில் ஆர்டர் குறைந்தால் முதலில் என்ன நடக்கும் என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஒன்றரை லட்சம் அதற்காக இருக்கட்டும்.

இரண்டு சம்பளம் பொறுங்கள். சேமிப்புக் கணக்கில் ரூ.74,000 ஆகிவிடும். அதில் ரூ.55,000 போனாலும் ரூ.19,000 கையில் நிற்கும். தவணை இல்லை, வட்டி இல்லை. அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது விழாக்காலத் தள்ளுபடி வந்தால் அதிலும் கொஞ்சம் மிச்சமாகும்.

“நாளைக்கு சிம்ஸ் 5 வந்தால்?” என்று கடைக்காரர் கேட்கக்கூடும். பழைய வழக்கப்படி சிம்ஸ் 4-ஐ ஓரம் கட்டிவிட்டு அதன் இடத்தில் சிம்ஸ் 5 வராது, சிம்ஸ் 4 தொடரும் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2024-ல் சொல்லிவிட்டது. வராத விளையாட்டுக்காக இன்றே கணினி வாங்குவது எப்போதும் ஆபத்து. பாரடாக்ஸ் நிறுவனம் ‘லைஃப் பை யூ’ என்று இதே வகையில் ஒன்றைப் பெரிதாக அறிவித்தது. வெளியிடும் தறுவாயில், 2024 ஜூனில் அதை அப்படியே கைவிட்டது. அதற்காகப் பெரிய கார்டு வாங்கி வைத்தவர்கள் அதில் வேறு எதையாவது விளையாடிக்கொண்டிருப்பார்கள். இன்சோயும் இன்னும் முழுமையாக முடியாத விளையாட்டு. அது முடிந்து, மதிப்புரைகள் வந்து, அப்போதும் ஆசை இருந்தால் மாதம் 5,000 வீதம் தனியாகச் சேருங்கள். அந்த நேரத்தில் இன்றைய லட்ச ரூபாய் லேப்டாப்பின் விலை இன்னும் கீழே இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

லேப்டாப்பைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட செலவு. சிம்ஸ் 4-இன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபர் 18 முதல் இலவசம். இலவசமாக்கியது தர்மத்துக்காக அல்ல. எக்ஸ்பான்ஷன் பேக்குகள் மட்டும் 15-க்கு மேல் வந்துவிட்டன. அமெரிக்காவில் ஒன்றின் முழு விலை 40 டாலர். கேம் பேக் 20 டாலர், குட்டிக் குட்டி கிட் 5 டாலர். எல்லாவற்றையும் முழு விலையில் சேர்த்தால் நீங்கள் வாங்கப்போகும் லேப்டாப்பைத் தாண்டிவிடும். ஐந்து டாலர்தானே என்று மாதாமாதம் ஒன்று தட்டுபவர்களுக்கு வருடக் கடைசியில் கார்டு பில் பார்க்கும்போதுதான் தெரியும். விளையாட்டுக்குள் ‘மதர்லோட்’ என்று தட்டினால் 50,000 சிமோலியன் (அந்த விளையாட்டின் பணம்) வந்து விழும், உங்கள் சம்பளக் கணக்கில் அந்த வசதி இல்லை. பேக்குகளுக்கு வருடத்துக்கு ரூ.4,000 என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி பாதி விலைக்குத் தள்ளுபடி வரும், அப்போது மட்டும் வாங்குங்கள். வந்த அன்றே வாங்க வேண்டிய பேக் என்று ஒன்று கிடையாது.

கணினியில் ஏற்கெனவே வாங்கிய பேக்குகள் உங்கள் கணக்கோடு சேர்ந்தவை, லேப்டாப்போடு அல்ல. புதியதில் அதே கணக்கில் நுழைந்தால் இலவசமாகவே இறங்கிவிடும், திரும்ப வாங்கிவிடாதீர்கள். நீங்கள் கட்டிய வீடுகளும் குடும்பங்களும் தாமாக வராது. பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் டாக்குமென்ட்ஸில் ‘எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘தி சிம்ஸ் 4’ ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சேவ், ட்ரே, மோட்ஸ் மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன. புதிய லேப்டாப்பில் விளையாட்டை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, அதே இடத்தில் ஒட்டினால் போதும். எக்ஸ்சேஞ்சுக்கு ரூ.3,000-க்கும் கீழே சொன்னால் கொடுக்க வேண்டாம். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் மின் கட்டணம் கட்டவும் படம் பார்க்கவும் அப்பா அம்மாவுக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.