இன்ஸ்டாகிராமை நீக்கினாலும் மூன்றே நாளில் மீண்டும் போட்டுவிடுகிறேன்!

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரவு படுத்தபடி ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால் 2 மணி ஆகிவிடுகிறது. வகுப்பில் மனம் நிற்பதில்லை. எல்லோரும் நன்றாக இருக்க, நான் மட்டும் பின்தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. ஆப்பை இரண்டு முறை நீக்கியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆப்பை விடுங்கள், முதலில் தூக்கத்தைக் கவனிப்போம். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். 2 மணிக்குத் தூங்கி 7 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரம்தான். பகலில் படித்தது நினைவில் உறுதிப்படத் தூக்கம் பெரிதும் உதவுகிறது. அது குறைந்தால் மறுநாள் கவனம் சிதறும், சின்ன விஷயத்துக்கும் மனம் சுருங்கும். அந்தச் சோர்வோடு அடுத்தவர் பொறுக்கியெடுத்துப் போட்ட படங்களைப் பார்த்தால் ‘நான் மட்டும்’ என்று தோன்றாமல் என்ன செய்யும்?

நீக்கியது நிலைக்காததற்குக் காரணம் உங்கள் மன உறுதிக் குறைவு அல்ல. ஆப் போனாலும் படுக்கையும் கைக்கெட்டும் போனும் அப்படியே இருக்கின்றன. நண்பர்களின் செய்தியும் அதில்தான் வரும் என்பதால், திரும்பப் போட நியாயமான சாக்கும் கிடைத்துவிடுகிறது. முழுதாக விடத் தேவையும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றனர். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளொன்றுக்குத் தலா 10 நிமிடத்துக்குள் நிறுத்தியவர்களுக்கு 3 வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்த அளவு.

போனை, எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். ‘அலாரம் வைக்கத்தானே’ என்றுதான் போன் மறுபடி தலையணைக்கு வந்து சேர்கிறது. ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் நேர வரம்பு வையுங்கள். ஐபோனில் அதற்கான கடவு எண்ணை நண்பர் போடட்டும். நீங்களே போட்டால் அந்த எண்ணைத் தட்டி நீட்டித்துக்கொள்வீர்கள். ரீல்ஸ் நின்றதும் யூடியூப் ஷார்ட்ஸுக்குத் தாவிவிடலாம் என்பதால் யூடியூபுக்கும் வரம்பு வேண்டும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

முதல் சில இரவுகள் தூக்கம் எளிதில் வராமல் போகலாம். 20 நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் ஏதாவது படித்துவிட்டு, தூக்கம் வரும்போது படுங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், விடுமுறையிலும்.

இத்தனைக்கும் பிறகு 2 வாரம் தொடர்ந்து மனம் வாடியே இருந்தால், எதிலும் ஆர்வம் இல்லையென்றால், கல்லூரி மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.