கவனிக்கப்படாத இசைக்குழுக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்களுக்குப் பிடித்த ராக் இசைக்குழுக்களைப் பற்றி அண்மையில் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தேன். பீட்டில்ஸ், கிங்க்ஸ் என்று எல்லாரும் அறிந்த பெயர்களே அதில் முன்னால் நின்றது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிக் ஸ்டார், ஜாம்பீஸ், டாக் டாக் ஆகிய குழுக்களை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர்கள் காலத்தில் உலகம் அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. உண்மையான இசையைப் பெருந்திரள் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதற்கு இவர்களே சான்று என்று நினைக்கிறேன். டாக் டாக் குழுவின் மார்க் ஹாலிஸ் மனமுடைந்துபோய் இசையையே துறந்தார் அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிக் ஸ்டாரின் பாடல் ஒன்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாடலாக ஒலித்ததைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று கைவிட்டுப் போன எரிச்சலே வந்தது. இது சிறுபிள்ளைத்தனமா? கடைசியாக ஒரு கேள்வி. பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பம் வெவ்வேறு பாடல் வரிசைகளில் கிடைக்கிறதே, அவற்றுள் எதைக் கேட்பது சரி?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குறிப்பிடும் மூன்று குழுக்களும் எனக்கும் நெருக்கமானவை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு நீங்கள் வந்துசேரும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. கவனிக்கப்படாமல் போவது ஓர் இசைக்கு வெளியிலிருந்து நேர்வது. அதை அந்த இசையின் குணமாகவோ தகுதியாகவோ கொள்ள முடியாது. ஒவ்வொரு குழுவுக்கும் அது ஏன் நேர்ந்தது என்று சற்று நெருங்கிப் பார்த்தால், பெருந்திரளின் ரசனைக் குறைவை விட விநியோகஸ்தர்களும் ஒப்பந்தங்களும் தவறிய தேதிகளுமே நம் கண்ணில் அதிகம் படுகின்றன.

பிக் ஸ்டாரையே எடுத்துக்கொள்வோம். மெம்ஃபிஸ் நகரில் 1971இல் உருவான இக்குழு, அடுத்த ஆண்டு தன் முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்று குறும்பாகப் பெயர் சூட்டி வெளியிட்டது. அதை வெளியிட்ட ஆர்டென்ட் நிறுவனம், விநியோகத்துக்கு அதே ஊரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தை நம்பியிருந்தது. ஸ்டாக்ஸ், கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம். கிட்டார்களை முன்னிறுத்தும் வெள்ளை இளைஞர்களின் ராக் இசையை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதில் அதற்குப் பழக்கமில்லை. பிறகு ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டில் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. விமர்சகர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. 1973 மே மாதம் மெம்ஃபிஸில் ராக் விமர்சகர்களுக்கென்றே நடத்தப்பட்ட கூட்டத்தில் அக்குழு வாசித்தபோது, இசையைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1974இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் இதே கதிதான். கையில் கிடைக்காத ஒன்றை மக்கள் நிராகரித்தார்கள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? மேலும், அக்குழுவின் அலெக்ஸ் சில்டன் பதினாறு வயதில் பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவுக்காகப் பாடிய பாடல் 1967இல் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தை அடைந்தது. நீங்கள் குறைகூறும் அதே பெருந்திரள்தான் அந்தக் குரலை அங்கே கொண்டுபோய் வைத்தது.

ஜாம்பீஸின் கதை இதைவிட விசித்திரமானது. 1964இல் முதல் தட்டிலேயே வெற்றி கண்ட அவர்கள், அடுத்தடுத்து வந்தவை எடுபடாமல் போன நிலையில், 1967 ஜூனில் லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை அங்கே முடித்து அதிக நாளாகியிருக்கவில்லை. அதில் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் இதிலும் பணியாற்றினார். ஜாம்பீஸுக்குக் கிடைத்த தொகை 1000 பவுண்டுதான் என்பது முக்கியமான வேறுபாடு. ஒரே தடத்தில் ஒலிக்கும் மோனோ வடிவம் முடிந்த பிறகு, இடமும் வலமுமாகப் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோ வடிவமும் வேண்டும் என்று நிறுவனம் கேட்க, பாடல்களை எழுதிய ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் ஒயிட்டும் தம் ராயல்டிப் பணத்திலிருந்து அதற்குச் செலவழித்தார்கள். முன்னோட்டமாக வந்த பாடல் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில் குழு கலைந்தது. 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' பிரிட்டனில் வெளிவந்தது 1968 ஏப்ரலில். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் இருந்த இசைக்கலைஞர் அல் கூப்பர் வற்புறுத்தியிராவிட்டால் அங்கே அது வெளிவந்திருக்காது. அதன் கடைசிப் பாடல் 1969இன் தொடக்கத்தில் அமெரிக்கத் தரவரிசையில் மூன்றாமிடத்துக்கு ஏறியபோது, அதைப் பாடிய காலின் பிளன்ஸ்டோன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உண்மையான ஜாம்பீஸ் மீண்டும் ஒன்றுசேர மறுத்ததால், அதே பெயரில் போலிக் குழுக்கள் அமெரிக்க மேடைகளில் ஏறின; காசு கொடுத்து மக்கள் போனார்கள். உலகம் வரத்தான் செய்தது. வந்தபோது குழு இல்லை.

அந்தக் கடைசிப் பாடலை இந்தக் கதையெதுவும் அறியாமல் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் சிறு சுழற்சி, அதையடுத்து ஒரு கைத்தட்டு, உடனே மூச்சை வெளியே விடுவதைப் போன்ற ஒரு மனிதக் குரல். இவற்றுக்கிடையே வேறெதையும் போட்டு அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதே அதன் அழகு. ஆர்கன் தனியாவர்த்தனம் வரும் இடத்தில் ஆர்ஜென்ட் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அடியில் ஓடும் தாளம் பதறுவதில்லை. பிளன்ஸ்டோனின் குரலோ கெஞ்சுவது போலத் தொடங்கி அதட்டும் எல்லைக்குப் போய்த் திரும்புகிறது. இதைப் பாராட்டுவதற்கு அவர் பிற்பாடு எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. தோல்விக் கதையை முதலில் கேட்டுவிட்டுப் பாடலுக்கு வருபவர் இரக்கத்தோடு கேட்கிறார். இரக்கம் நல்ல குணந்தான். இசை கேட்பதற்கு அது அவ்வளவு உதவுவதில்லை.

மார்க் ஹாலிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைக்குப் பொருந்தவில்லை. டாக் டாக் எண்பதுகளின் முற்பகுதியில் வெற்றிப் பாடல்கள் தந்த குழு. 1986இல் வந்த அவர்களுடைய ஆல்பம் நன்றாக விற்றதால்தான், அடுத்ததற்கு அவர்கள் கேட்ட காலத்தையும் பணத்தையும் இஎம்ஐ நிறுவனம் கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் அவர்கள் லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தை ஏறக்குறைய இருட்டாக்கிக்கொண்டு, சுவரில் வண்ண ஒளியை ஓடவிட்டு, வந்த கலைஞர்களை மணிக்கணக்கில் மனோதர்மமாக வாசிக்கவைத்து, அதில் சில நொடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, 1988இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தை உருவாக்கினார்கள். ஜனரஞ்சக வெற்றி இல்லையென்றால் நீங்கள் போற்றும் இந்த ஆல்பமே இல்லை. அதுவும் பிரிட்டிஷ் தரவரிசையில் 19ஆம் இடம்வரை சென்றது. பெரும் வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நிறுவனத்தோடு நீதிமன்றம்வரை போய் ஒப்பந்தத்திலிருந்து விலகி, 1991இல் மற்றோர் ஆல்பமும், 1998இல் தன் பெயரில் ஒன்றும் வெளியிட்ட பின்னர்தான் ஹாலிஸ் ஒதுங்கினார். சுற்றுப்பயணமும் நல்ல தகப்பனாக இருப்பதும் தன்னால் ஒருசேர இயலாது, ஆகவே குடும்பத்தைத் தேர்ந்துகொள்கிறேன் என்பதே அவர் சொன்ன காரணம். 2019இல் மறையும்வரை அந்த முடிவில் அவர் நின்றார். அவரைத் தியாகியாக்குவது நம்முடைய தேவை, அவருடையதாகத் தெரியவில்லை.

கவனிக்கப்படாத குழுக்களுக்காக வாதாடுபவர்கள் கையாளும் வேறொரு வாதமும் இருக்கிறது. 1967இல் வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பத்தை வாங்கியவர்கள் சிலரே, ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் பேச்சு எங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சாமர்த்தியமான பேச்சுதான். எனக்கு அதில் சிறு தயக்கம் உண்டு. பின்னால் வந்தவர்களின் புகழைக் கடனாக வாங்கி முன்னோருக்குச் சூட்டும் இந்த முறையில், புகழே மீண்டும் அளவுகோலாகிவிடுகிறது. யாரையும் பாதிக்காமல், வாரிசு இல்லாமல், தனித்து நிற்கும் நல்ல ஆல்பங்கள் இருக்கின்றன. அவற்றை அப்போது எந்தக் கணக்கில் எழுதுவோம்?

யாரால் கவனிக்கப்படவில்லை என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த கேன் குழுவை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் நெடுங்காலம் மறைந்துகிடந்த புதையலாகவே அறிமுகப்படுத்தி வந்தார்கள். ஆனால் 1972இல் ஒரு ஜெர்மானியத் தொலைக்காட்சித் தொடருக்காக அவர்கள் தந்த பாடல் அந்நாட்டுத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த குழுக்களில் அதுவும் ஒன்று. அதற்குக் காரணம் டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்சைட். தாளக்கட்டை உடைத்துப்போடும் ஃப்ரீ ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர், கேனுக்கு வந்த பிறகு அதற்கு நேரெதிராக, ஒரே தாள வடிவத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாசிக்கத் தொடங்கினார். 1971இல் வந்த 'டாகோ மாகோ' ஆல்பத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதும் எடுத்துக்கொள்ளும் பாடல் இருக்கிறது. பதினெட்டு நிமிடங்களுக்கும் மேல் ஓடுவது. டாமோ சுஸூகியின் குரல் முணுமுணுப்பாகவும் கூவலாகவும் மாறி மாறி வருகிறது. கிட்டாரும் ஆர்கனும் வருவதும் மறைவதுமாக இருக்கின்றன. பதிவுசெய்த நாடாவைக் குழுவின் ஹோல்கர் சுகாய் வெட்டி ஒட்டிய இடங்களும் உண்டு. டிரம்ஸ் மட்டும் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. முதல் சில நிமிடங்களில் அலுப்புத் தட்டும். ஏழெட்டு நிமிடம் தாண்டியதும், அந்தத் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ ஓர் அடியில் மெல்லிய அழுத்தம் மாறி ஒலிப்பது காதுக்குப் பிடிபடத் தொடங்கும். நான் அந்தப் பாடலுக்கு ஓயாமல் திரும்பிப் போவது இந்த நுட்பத்துக்காகத்தான்.

உண்மையிலேயே கவனிக்கப்படாமல் போனவற்றின் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது. டெட்ராய்ட் நகரின் ஹாக்னி சகோதரர்கள் மூவரும் 'டெத்' என்ற பெயரில் 1975இல் பதிவுசெய்த பாடல்கள், பெயரை மாற்ற அவர்கள் மறுத்ததால் பெரிய நிறுவனத்தின் ஆதரவை இழந்து, 1976இல் 500 தட்டுகளாக வெளிவந்ததோடு நின்றுபோயின. 2009இல் அவை ஆல்பமாக வந்தபோது, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் இசை பெயர் பெறுவதற்கு முன்பே அதை வாசித்தவர்கள் என்று உலகம் வியந்தது. பெயரை விட்டுக்கொடுக்காத டேவிட் ஹாக்னி 2000இலேயே இறந்துவிட்டிருந்தார். இவர்களுடைய நாடாக்கள் பத்திரமாக இருந்தன, எடுத்துக் கேட்கவும் ஆளிருந்தது. அப்படி வாய்க்காதவர்கள் எத்தனை பேரோ!

கிங்க்ஸைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அக்கட்டுரையில் நான் முதன்மையாக எடுத்துப் பேசியது அவர்களுடைய 'வில்லேஜ் கிரீன்' ஆல்பத்தை. 1968 நவம்பர் 22 அன்று, பிரிட்டனில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பம் வெளிவந்த அதே நாளில் அது கடைக்கு வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தரவரிசையில் இடமே பெறவில்லை. பெயர் தெரிந்த குழுவின் ஆல்பமும் இப்படிப் போகும். பீட்டில்ஸை நான் முன்னால் வைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, அதிகம் திரும்பிக் கேட்பது அவர்களைத்தான். கோடிக்கணக்கானவர்களுக்கும் அவர்களைப் பிடிக்கும் என்பதால் நான் ஏன் என் காதைச் சந்தேகிக்க வேண்டும்?

உங்கள் எரிச்சல் சிறுபிள்ளைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு குழுவைத் தானாகவே தேடிக் கண்டடைந்தவருக்கு அதன்மேல் உரிமையுணர்வு வருவது இயல்பு. ஓரளவுக்கு, அவரைக் கவனமாகக் கேட்கவைப்பதும் அந்த உணர்வுதான். ஆனால் அத்தொடரில் ஒலித்தது பிக் ஸ்டாரின் பதிவே அன்று; வேறு கலைஞர்கள் பாடியது. பாடலை எழுதியவர்கள் அக்குழுவின் கிறிஸ் பெல்லும் சில்டனும். பெல் 1978இல், இருபத்தேழு வயதில், கார் விபத்தில் இறந்தவர். அவருடைய தனி ஆல்பம் வெளிவரவே 1992 ஆயிற்று. அவர் எழுதிய மெட்டு அந்தத் தொடரின் வழியாகவாவது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்களிடம் இருக்கும் பதிவிலிருந்து அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது ஆல்பத்தைப் பொறுத்தவரை, சரியான வரிசை என்று ஒன்று கிடையாது. 1974இல் பதிவானபோது குழுவில் மிஞ்சியிருந்தவர்கள் சில்டனும் டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸும்தான். வரிசையை முடிவுசெய்யாமலே அதைக் கைவிட்டார்கள். 1978இல் வெளிவந்தபோதும் அதற்குப் பின்னரும் ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி அடுக்கிக்கொண்டது. ஆகவே கையில் எது இருக்கிறதோ அதையே கேளுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களே மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். 'ரேடியோ சிட்டி'யை நன்றாகக் கேட்டுப் பழகியிருந்தால் மட்டும் அதற்குள் இறங்குங்கள். அங்கே மினுங்கும் கிட்டார்கள் இங்கே எப்படித் தளர்ந்து, பாதியில் நின்று, தடம் மாறுகின்றன என்பது அப்போதுதான் புரியும்.

அன்புடன்,
ஆசிரியர்