அமெரிக்காவில் கிராமக் கவுன்டிகளில்தான் புற்றுநோய் முற்றிய பிறகு தெரியவருகிறதா? கவுன்டி வாரி எண்களை எப்படிப் படிப்பது?

கவுன்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம்மூர் மாவட்டம் மாதிரி. இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. கிராமக் கவுன்டிகளில் முற்றிய நிலைப் புற்று அதிகமா என்பது ஒன்று. அங்கே நோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்களா என்பது இன்னொன்று. நுரையீரல், பெருங்குடல், கருப்பைவாய் ஆகிய மூன்றிலும் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம். இரண்டாவதற்கு எந்தப் புற்று, எந்த மாநிலம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு கலர் அடித்த மேப்பைப் பார்ப்பவர்கள்தான் 'கிராமத்து ஜனங்கள் டாக்டரிடமே போவதில்லை' என்ற முடிவுக்கு வந்து நிற்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல்லையே சரிசெய்துகொள்வோம். 'லேட் ஸ்டேஜ்' என்றதும் நம் காதில் 'கடைசி ஸ்டேஜ், இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று விழுகிறது. கவுன்டி அட்டவணைகளில் அதற்கு அந்த அர்த்தம் கிடையாது. புற்றுநோய்ப் பதிவேடுகள் நோயை நான்கு படியாகப் பிரிக்கின்றன. தோன்றிய மேலடுக்கைத் தாண்டாதது இன் சிட்டு. உறுப்புக்குள்ளேயே அடங்கியது லோக்கலைஸ்டு. பக்கத்துத் திசுவுக்கோ அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கோ போனது ரீஜனல். தூரத்து உறுப்புக்குப் பரவியது டிஸ்டன்ட். இதில் கடைசி இரண்டையும் கூட்டினால் லேட் ஸ்டேஜ். சின்னக் கட்டியோடு அக்குளில் ஒரே ஒரு கணுவில் புற்று இருக்கும் பெண்ணிடம் டாக்டர் 'செகண்ட் ஸ்டேஜ்' என்பார். பதிவேட்டில் அவர் லேட் ஸ்டேஜ். ரீஜனல் மார்பகப் புற்றில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 85 சதவீதத்துக்கு மேல், டிஸ்டன்டில் 30 சதவீதத்தை ஒட்டி. இவ்வளவு வித்தியாசமான இரண்டு கூட்டத்தை ஒரே பையில் போட்டுத் தரும் எண் அது. இன்னொரு சிக்கலும் உண்டு: ரத்தப் புற்று (லுகேமியா) எல்லாமே விதிப்படி டிஸ்டன்ட்தான். ஆகவே 'எல்லாப் புற்றும் சேர்த்து லேட் ஸ்டேஜ்' என்று யாராவது கணக்குக் காட்டினால் அதைத் தள்ளிவைத்துவிடலாம். ஒவ்வொரு புற்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் எங்கே கிடைக்கும்? தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'சீர்' (SEER) என்ற பதிவேடுகள் 1973 முதல் இருக்கின்றன. 1992ல் சட்டம் போட்டு உருவான, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் திட்டம் மற்ற மாநிலங்களையும் இணைத்தது. இரண்டின் எண்களும் சேர்ந்து வரும் இலவசத் தளம் ஸ்டேட் கேன்சர் ப்ரொஃபைல்ஸ். அதில் இன்சிடென்ஸ் (புதிதாக நோய் வந்தவர்கள்) அட்டவணையைத் திறந்து மாநிலம், கவுன்டி, ஒரே ஒரு புற்று, ஸ்டேஜில் 'லேட்' என்று தேர்ந்தெடுத்தால் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை என்ற வீதம் வரும். அது ஐந்தாண்டுச் சராசரி. 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகையை வைத்து வயது சீர்செய்யப்பட்டது. இந்தச் சீர்செய்தல் கிராமக் கவுன்டிகளுக்கு ரொம்ப முக்கியம். இளைஞர்கள் வேலைக்கு வெளியே போய்விட்ட ஊரில் முதியவர்கள்தான் மிச்சம். வயதைக் கணக்கில் எடுக்காமல் வெறும் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்தால் எந்தக் கிராமமும் மோசமாகத்தான் தெரியும். நோயாளி எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றாலும், நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது குடியிருந்த கவுன்டியின் கணக்கில்தான் சேர்வார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி விஷயத்தின் மையம்: வீதம் வேறு, சதவீதம் வேறு. கணக்குக்காக இரண்டு கவுன்டிகளை வைத்துக்கொள்வோம், இரண்டிலும் லட்சம் பெண்கள். முதல் கவுன்டியில் ஆண்டுக்கு 120 பேருக்கு மார்பகப் புற்று, அதில் 40 பேருக்கு லேட் ஸ்டேஜ். இரண்டாவதில் 160 பேர், அதிலும் 40 பேர்தான் லேட் ஸ்டேஜ். சதவீதம் பார்த்தால் 33க்கு 25. முதல் கவுன்டி பின்தங்கியது போல இருக்கும். வீதம் பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டாவது கவுன்டியில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அதிகம் எடுக்கிறார்கள், அதனால் தொந்தரவே தந்திருக்காத சில சிறு கட்டிகளும் கணக்கில் ஏறியிருக்கலாம். கீழே வகுக்கும் எண் வீங்கியதால் சதவீதம் இறங்கியதே ஒழிய, முற்றிய நோயோடு வந்த பெண் ஒருவர்கூடக் குறையவில்லை. ப்ராஸ்டேட்டிலும் தைராய்டிலும் இந்த வீக்கம் இன்னும் அதிகம். இன் சிட்டுவை வகுக்கும் எண்ணில் சேர்த்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. சேர்த்தால் ஒரு சதவீதம், விட்டால் வேறு சதவீதம்.

நுரையீரலில் கதை தலைகீழ். கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், அப்பலேச்சியன் மலைக் கவுன்டிகளில் லேட் ஸ்டேஜ் நுரையீரல் புற்றின் வீதம் மேப்பில் கரும் சிவப்பாக நிற்கும். ஆனால் நாடு முழுக்கவே நுரையீரல் புற்றில் பத்தில் ஏழு பேர் அளவில் லேட் ஸ்டேஜில்தான் கண்டறியப்படுகிறார்கள். மலையில் அந்த விகிதம் பெரிதாக மாறிவிடுவதில்லை. நோய் வருகிறவர்களின் எண்ணிக்கையே அதிகம். காரணம் முதலில் புகையிலை. கூடவே அந்தப் பகுதியின் சுரங்க வேலையும். அங்கே அந்தச் சிவப்பைத் 'தாமதக் கண்டுபிடிப்பு' என்று படித்தால் ஸ்கேன் மெஷின் வாங்கித் தருவதோடு வேலை முடிந்தது என்றாகிவிடும்.

அதனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். வீதம் அதிகம், சதவீதம் சாதாரணம் என்றால் நோய்க் காரணி பக்கம் பாருங்கள். வீதம் சாதாரணம், சதவீதம் அதிகம் என்றால் ஒன்று பரிசோதனை குறைவு, அல்லது ஆரம்பநிலை நோய் கணக்கில் வராமல் போகிறது. இரண்டுமே அதிகம் என்றால்தான் உண்மையான ஆபத்து.

நாடு தழுவிய எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. சி.டி.சி. 2017ல் வெளியிட்ட கணக்கில், கிராமக் கவுன்டிகளில் புதிதாகப் புற்று வருவது லட்சத்துக்கு 442, பெருநகரக் கவுன்டிகளில் 457. இறப்போ கிராமத்தில் 180, நகரத்தில் 158. நோய் குறைவு, சாவு அதிகம். இதற்குத் தாமதம் மட்டுமே காரணம் இல்லை. நகரத்தில் அதிகம் வரும் மார்பகமும் ப்ராஸ்டேட்டும் பிழைக்க வைக்கக்கூடியவை. கிராமத்தில் அதிகம் வரும் நுரையீரல் அப்படியல்ல. சிகிச்சையின் தரமும் தூரமும் அதற்கு மேல்.

நகரம் என்றால் நல்லது என்ற எண்ணத்துக்கு எதிரான நல்ல சான்று இல்லினாய் மாநிலம். மெக்லாஃபர்ட்டி, வாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வில் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், ப்ராஸ்டேட் நான்கிலும் லேட் ஸ்டேஜ் அபாயம் மிக அதிகமாக இருந்த இடம் சிகாகோ போன்ற அடர்ந்த நகரப் பகுதி. கிராமத்தை நோக்கிப் போகப்போகக் குறைந்து, மிக ஒதுங்கிய கிராமங்களில் மட்டும் மறுபடி கொஞ்சம் ஏறியது. கவுன்டி அளவில் பார்த்தால் இது கண்ணில் படாது. சிகாகோவின் ஏழைப் பேட்டைகளும் வசதியான புறநகர்களும் ஒரே குக் கவுன்டி. இரண்டும் கலந்து ஒரு சராசரியாகிவிடும்.

'கிராமம்' என்ற முத்திரையிலும் ஏமாறலாம். வேளாண் துறையின் 1 முதல் 9 வரையிலான குறியீட்டில் 1, 2, 3 பெருநகரம், மற்றவை பெருநகரம் அல்லாதவை. ஊர்களின் அளவையும் வேலைக்குப் போய்வரும் கூட்டத்தையும் வைத்து முழுக் கவுன்டிக்கும் ஒரே எண் தருகிறார்கள். அரிசோனாவின் கொக்கொனீனோ கவுன்டி, ஃப்ளாக்ஸ்டாஃப் நகரத்தின் தயவில், பெருநகரப் பட்டியலில் இருக்கிறது. அதே கவுன்டியில்தான் கிராண்ட் கேன்யன் பள்ளத்துக்குள் இருக்கும் சுபாய் கிராமம். தபால் கோவேறு கழுதை மேல்தான் இறங்கி வரும். புள்ளிவிவரத்தில் சுபாய்க்காரர் நகரவாசி! குறியீடு பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுவதில் இன்னொரு பொறி இருக்கிறது. வளர்ந்த கவுன்டிகள் நகரப் பட்டியலுக்குத் தாவிவிடுகின்றன. தேயும் ஊர்கள் கிராமப் பட்டியலில் தங்குகின்றன. ஒருவர் நிலைமையும் மாறாமலே இடைவெளி பெருகியதாகத் தெரியும். பல ஆண்டுப் போக்கைப் பார்ப்பவர்கள் 2013 அல்லது 2023 என்று ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டு எல்லா ஆண்டுக்கும் அதையே போட வேண்டும்.

சிறிய எண்ணின் தொல்லை தனி. ஐந்தாண்டில் 16க்குக் குறைவான நோயாளிகள் என்றால் அந்தக் கவுன்டியின் எண்ணை மறைத்துவிடுவார்கள். டெக்சாஸின் லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே 64; அங்கே எதுவும் தெரியப்போவதில்லை. மறைக்காமல் வந்த எண்ணும் உறுதியானது என்று அர்த்தமில்லை. 8,000 பேர் உள்ள கவுன்டியில் ஐந்தாண்டில் சரியாக 16 பேர் என்றால் வீதம் லட்சத்துக்கு 40. ஆனால் தற்செயலின் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்த 16 என்பது 9 முதல் 26 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். வீதம் 23லிருந்து 65 வரை நீள்கிறது. அட்டவணையில் வீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பக இடைவெளி இதைத்தான் சொல்கிறது. தரவரிசையில் முதல் பத்து, கடைசி பத்து இரண்டிலும் சிறிய கவுன்டிகளே நிறைந்திருப்பதற்கும் இதுதான் காரணம். ஒரே குறியீட்டுக் கவுன்டிகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது உசிதம்.

பதிவேட்டிலேயே விடுபடுவதும் உண்டு. எண்பது வயதுப் பெரியவருக்கு பயாப்சியும் ஸ்கேனும் வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்தால் ஸ்டேஜ் 'தெரியாது' என்று பதிவாகும். முழுப் பரிசோதனைக்கு நூறு மைல் போக வேண்டிய ஊரில் இது கூடுதல். முற்றிய நோயும் இப்படி மறைகிறது, ஆகவே கிராமத்தின் லேட் ஸ்டேஜ் எண் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். பூர்வகுடி மக்களை வெள்ளையர் என்று பதிந்துவிடும் பிழையைச் சரிசெய்ய பூர்வகுடி மக்களுக்கான அரசு மருத்துவச் சேவையான இந்தியன் ஹெல்த் சர்வீஸின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்யாத கணக்கில் அவர்களின் வீதத்தை நம்ப வேண்டாம். 2020ல் கோவிட்டால் பரிசோதனைகள் நின்று புதிய நோயாளிகள் எண்ணிக்கையே சரிந்தது; போக்குக் கோடு போடும்போது அந்த ஆண்டை விலக்கிவிடுவார்கள்.

தாமதம் உண்மையாகவே நடக்கும் இடம் எது? பெருங்குடலை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சங்கிலி எங்கே அறுகிறது என்று அதில் கண்ணால் பார்க்கலாம். 45 வயது முதல் 75 வரை பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு கொலொனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது), அல்லது ஆண்டுதோறும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனை. ஃபிட் கிட் தபாலில் வீட்டுக்கு வரும். குச்சியால் மலத்தின் மேற்பரப்பைச் சுரண்டி, திரவம் உள்ள குழாயில் விட்டு மூடி, எடுத்த தேதியை எழுதித் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். தேதி எழுத மறந்தால் லேப் நிராகரித்துவிடும், இது சர்வசாதாரணம். வெள்ளிக்கிழமை அனுப்பிய மல மாதிரி ஜூலை வெயிலில் தகரத் தபால் பெட்டிக்குள் இரண்டு நாள் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, இருக்கும் ரத்தமும் இல்லையென்று வரும். திங்கள் காலையில் அனுப்பச் சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை, பாசிடிவ் வந்த பிறகு. ஃபிட் பாசிடிவ் என்றால் கட்டாயம் கொலொனோஸ்கோப்பி. இன்னொரு ஃபிட் செய்து பார்ப்பது தவறு. முந்தின நாள் வயிறு கழுவும் மருந்து, மறுநாள் மயக்க ஊசி, அதனால் கார் ஓட்ட ஓர் ஆள். இரண்டு பேரின் ஒரு நாள் கூலி போச்சு. உள்ளூர் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையென்றால் இன்னும் தூரம். பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் முற்றிய நிலையில் புற்று கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு இந்தத் தொடர் பரிசோதனையை 'நோய் அறியும் சோதனை' என்று பில் போட்டதால் நோயாளி தலையில் செலவு விழுந்தது. 2022 மே 31க்குப் பிறகு தொடங்கிய பெரும்பாலான தனியார் காப்பீட்டுத் திட்டங்களிலும் 2023 முதல் மெடிகேரிலும் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) அதையும் ஸ்க்ரீனிங்காகவே எண்ண வேண்டும். பில்லில் பழைய மாதிரி வந்தால் கேள்வி கேட்கலாம். மேமோகிராம் வேனும் இப்படித்தான். படம் எடுப்பது சுலபம். 'ஏதோ தெரிகிறது, மறுபடி வாருங்கள்' என்ற கடிதத்துக்குப் பிறகு நகரத்துக்குப் போக வேண்டும். எத்தனை பேருக்குப் படம் எடுத்தார்கள் என்பதைவிட, திரும்ப அழைத்தவர்களில் எத்தனை பேர் எத்தனை நாளில் பயாப்சி வரை போனார்கள் என்று கேட்டால் வேனின் பயன் தெரியும்.

காப்பீடு இல்லாத அறுபது வயதுக்காரர் வலியைப் பொறுத்துக்கொண்டு 65ல் மெடிகேர் வரட்டும் என்று காத்திருப்பதும் உண்டு. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு 2014ல் வந்த விரிவாக்கத்தை டெக்சாஸ், மிசிசிப்பி, அலபாமா ஆகியவை ஏற்கவில்லை. இதைச் சோதிக்க அதே தளத்தில் வழி இருக்கிறது: வயதை 65க்குக் கீழ், 65க்கு மேல் என்று பிரித்து இரண்டு அட்டவணை எடுங்கள். 65க்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் லேட் ஸ்டேஜ் சதவீதம் மாநிலச் சராசரியைவிடத் தூக்கலாகவும், மேலே உள்ளவர்களிடம் சராசரியை ஒட்டியும் இருந்தால், அந்தக் கவுன்டியில் ஆஸ்பத்திரி தூரத்துக்கு முன்னால் காப்பீட்டைச் சந்தேகப்படுங்கள்.