பின்கட்டுக்கு வராத வைஃபை

கேள்வி: எங்களுடையது பழைய காலத்து வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். ரவுட்டர் முன்னறையில் இருக்கிறது. பின்கட்டில் மகளின் கணினிக்கு வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. இன்னும் வேகமான பிளானுக்கு மாறலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம், காசுதான் போகும். கோளாறு வேகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது.

என் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இரும்பு, அலையை மறித்துவிடும். மூன்று மாதம் திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பீரோ உச்சியில் தூக்கி வைத்ததும் சமையலறை வரை வந்தது. நீங்களும் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். கணினியை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் இணைத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டத் திணறும்.

அப்படியும் சரிவரவில்லையா? கடைக்காரர் ரிப்பீட்டரை நீட்டுவார். மங்கிய சிக்னலை வாங்கித்தானே அதுவும் திருப்பி அனுப்பும்? அதைவிட, முன்னறை ரவுட்டரிலிருந்து பின்கட்டுவரை ஒரு கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள் (100 மீட்டர் வரை தாங்கும்). பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் அங்கே வையுங்கள். அதில் டிஹெச்சிபியை (DHCP, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதன் ஐபி முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளையில் செருகுங்கள். வெளியிலிருந்து இணையம் வரும் வேன் (WAN) துளையில் அல்ல. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். அந்த பாஸ்வேர்டு மட்டும் உங்கள் செல்போன் எண்ணாக வேண்டாம், தெருவே அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கும்.